கிருபையும் பந்தியும்

விசுவாசத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்ற அழைப்பு தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. லெந்து காலத்தில் கேட்கிறோம், கன்வென்ஷன் பந்தலில் கேட்கிறோம், ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் கேட்கிறோம். அழைப்போடு வழிமுறையும் சேர்ந்தே வருகிறது: தனித்திரு, உன் பாவத்தை நினை, தகுதியில்லாத உன்மேல் தேவன் காட்டிய கிருபையை நினைத்து மனம் உருகு. இந்த வழியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எத்தனையோ உடைந்த மனிதர்களை எழுந்து நிற்க வைத்த வழி இது. ஆனாலும், இரட்சிப்பையும் கிருபையையும் தியானிக்கச் சொல்லும்போது எதைத் தியானிக்கச் சொல்கிறோம் என்ற கேள்விக்கு இதில் பாதி விடைதான் இருக்கிறது. கிருபையால் நீதிமானாக்கப்படுதல் என்ற போதனை பவுலின் எழுத்தில் உருவம் பெறும் இடத்தைத் தேடிப் போனால், அங்கே ஒரு தனிமனிதன் தன் பாவத்தை எண்ணி அழுதுகொண்டிருக்கவில்லை. சிலர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் பந்தியிலிருந்து எழுந்து போகிறார். கிருபையின் பொருளைத் திரும்ப அடைய விரும்பும் சபை அந்தப் பந்திக்குத் திரும்பியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிகழ்ந்த இடம் அந்தியோகியா. ரோமப் பேரரசின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. இயேசுவின் சீஷர்கள் கிறிஸ்தவர்கள் என்ற பெயரை முதலில் பெற்றது அங்கேதான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். காலம் கி.பி. 50-ஐ ஒட்டியது. யூதர்களும் யூதரல்லாதவர்களும் ஒரே சபையாகக் கூடி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார்கள். அங்கே வந்த பேதுருவும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தார். பிறகு எருசலேமில் இருந்த யாக்கோபிடமிருந்து சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பயந்து பேதுரு கொஞ்சம் கொஞ்சமாக விலகினார். அவர் விலகியதைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பவுலோடு ஊர் ஊராக அலைந்து ஊழியம் செய்த பர்னபாவும் அவர்களோடு இழுபட்டுப் போனார். இதையெல்லாம் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலே சொல்கிறார். கவனிக்க வேண்டியது, பேதுரு எந்தப் போதனையையும் மாற்றவில்லை என்பதுதான். கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. யூதரல்லாதவர்களுக்கு இரட்சிப்பு இல்லை என்று பிரசங்கிக்கவும் இல்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவே. அந்த ஒரு செயலுக்காகப் பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் எதிர்த்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நேரான நடை அது இல்லை என்பது குற்றச்சாட்டு. அந்தக் கண்டனம் முடியுமுன்பே, அதே மூச்சில், மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் அன்றிக் கிறிஸ்துவின்மேலுள்ள விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்ற போதனை வருகிறது. பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பில் கலாத்தியர் நிருபம் ரோமருக்கு எழுதியதைவிட முந்தியது. ஆகவே பின்னாளில் ஐரோப்பாவையே இரண்டாகப் பிளந்த அந்தப் பெரும் போதனை, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற தகராறுக்குப் பதிலாகவே நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு சாப்பாட்டுத் தகராறுக்கு இவ்வளவு பெரிய பதில் எதற்கு? கொடை பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த எண்ணம் தெரிந்தால் இது விளங்கும். பவுல் வாழ்ந்த அதே காலத்தில் ரோமில் வாழ்ந்த செனெக்கா, உபகாரங்களைப் பற்றி ஏழு பாகங்களில் ஒரு நூல் எழுதினார். கொடுப்பவன் ஆராய்ந்து, தகுதியுள்ளவனைத் தேர்ந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை. சூரியன் கெட்டவர்கள்மேலும் உதிக்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மனிதர்களுக்கிடையில் நல்ல கொடைக்கு இலக்கணம், அது ஏற்றவன் கையில் போய்ச் சேர்வது. குலம், கல்வி, ஒழுக்கம், நன்றியறிதல் இவற்றால் அந்த ஏற்புடைமை அளக்கப்பட்டது. டரம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் பார்க்லே, பவுலையும் கொடையையும் பற்றி 2015-இல் வெளியிட்ட பெருநூலில் இந்தப் பின்னணியை வைத்தே பவுலைப் படிக்கிறார். கிருபை பற்றி யூத மரபில் பலர் பவுலுக்கு முன்பே ஆழமாகப் பேசியிருக்கிறார்கள். தேவன் தாராளமானவர், முந்திக்கொண்டு கொடுப்பவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பவுலிடம் கூர்மையாக வெளிப்படுவது வேறொன்று. கிறிஸ்து என்ற கொடை பெறுபவரின் தகுதியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் வந்தது. யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன், ஆண், பெண் என்ற எந்த அளவுகோலும் அந்தக் கொடையைக் கொண்டுவரவில்லை. அப்படியானால், கொடையால் உண்டான சமூகத்துக்குள் அந்த அளவுகோல்கள் மறுபடி நுழைந்து இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று உட்காரவைத்தால், கொடை எப்படி வந்தது என்பதையே அந்தச் சமூகம் மறுக்கிறது. பேதுரு எழுந்ததில் பவுல் கண்டது இதைத்தான்.

கொரிந்துவில் நடந்தது இன்னும் அருகில் தெரிகிறது. அங்கே இராப்போஜனம் தனிச் சடங்காக இல்லாமல் முழுச் சாப்பாட்டின் பகுதியாக இருந்தது. ஒருவன் பசியோடிருக்க மற்றொருவன் வெறித்திருக்கிறான் என்று பவுல் கடிந்துகொள்கிறார். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் வெறும் வயிற்றோடு நின்றிருக்கிறார்கள். அக்கால ரோம விருந்தின் ஒழுங்கு நமக்குத் தெரிந்ததே. பவுலுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிந்திய இளைய பிளினி, தான் போன ஒரு விருந்தைப் பற்றி ஓர் இளைஞருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. விருந்து வைத்தவர் தனக்கும் தனக்கு நெருங்கிய சிலருக்கும் உயர்ந்த பண்டங்களையும், மற்றவர்களுக்கு மட்டமான துணுக்குகளையும் வைத்தார். திராட்சரசமும் சிறு குப்பிகளில் மூன்று தரமாகப் பிரிந்து வந்தது: ஒன்று அவருக்கும் பிளினி போன்றவர்களுக்கும், ஒன்று தாழ்ந்த நண்பர்களுக்கு, ஒன்று விடுதலை பெற்ற அடிமைகளுக்கு. பிளினிக்கு இது அருவருப்பாக இருந்தது. ஆனால் விருந்தளித்தவருக்கு இது தாராளமும் சிக்கனமும் கலந்த நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. கெர்ட் தைஸன் போன்ற ஆய்வாளர்கள் கொரிந்துச் சபையின் சிக்கலை இந்தச் சமூகப் பழக்கத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். கொரிந்துவின் செல்வர்கள் தங்களைக் கொடியவர்களாக நினைத்திருக்க மாட்டார்கள். ஊரில் எல்லாரும் செய்கிறபடி செய்தார்கள். அந்த ஊர்வழக்கம் கர்த்தருடைய மேசைக்கு வந்தபோது, நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று பவுல் அடித்துச் சொல்கிறார். ஆராதனையில் ஒரு குறை என்று சொல்லியிருக்கலாம். ஆராதனையே நடக்கவில்லை என்கிறார். திருவிருந்துக்கு முன் நம்மை நாமே சோதித்தறிய வேண்டும் என்று சபைகளில் வாசிக்கப்படும் வார்த்தைகள் இந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகவே வருகின்றன. நாமோ அவற்றை அந்தரங்கப் பாவங்களின் பட்டியலுக்கான தலைப்பாக மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். இரட்சிப்பைச் சமூகவியலாகக் குறுக்குகிறீர்கள். இரவில் தூக்கமின்றித் தன் குற்றத்தோடு போராடுகிறவனுக்கு வேண்டியது மன்னிப்பு, அவனிடம் போய்ப் பந்தி வரிசையைப் பற்றிப் பேசி என்ன பயன்? இந்த மறுப்பின் பின்னால் மார்ட்டின் லூத்தர் நிற்கிறார். கிருபையுள்ள தேவனை நான் எங்கே கண்டடைவேன் என்று மடத்தில் தவித்த துறவி அவர். ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரம் தனக்குப் பரலோக வாசலைத் திறந்ததாக 1545-இல், இறப்பதற்கு முந்திய ஆண்டில், தன் நூல்தொகுப்பின் முன்னுரையில் நினைவுகூர்கிறார். அந்த அனுபவத்தின் உண்மையைச் சந்தேகிக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் லூத்தரின் கேள்வியே பவுலின் கேள்வி என்று கொள்வதில்தான் சிக்கல். ஸ்வீடன் நாட்டு லூத்தரன் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார். மனச்சாட்சியின் வாதை பவுலின் எழுத்தில் ஏறக்குறைய இல்லை. புறஜாதியார் தேவனுடைய ஜனத்துக்குள் எப்படி இடம்பெறுகிறார்கள் என்பதே அவரை வாட்டிய கேள்வி. தொடர்ந்து ஈ. பி. சாண்டர்ஸ் 1977-இல் எழுதிய நூல், அக்கால யூத மதம் புண்ணியக் கணக்குப் பார்க்கும் மதம் என்று கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் வரைந்த சித்திரம் தவறானது என்று மூலநூல்களைக் கொண்டே காட்டியது. இது வெறும் அறிஞர் சர்ச்சை இல்லை. பவுல் யூத சமயத்தின் கடுமையை எதிர்த்தார் என்று எளிதாகச் சொல்லும் பிரசங்கம், பழியை இன்னொரு ஜனத்தின்மேல் போட்டுவிட்டுக் கேட்பவர்களைத் தப்பிக்க வைக்கிறது. அந்தியோகியாவில் கண்டிக்கப்பட்டவர் கிறிஸ்தவ அப்போஸ்தலர்.

அதனால் லூத்தரைத் தள்ளிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. குற்ற உணர்வில் நொறுங்கியவனும் உயர்வு உணர்வில் நிமிர்ந்தவனும் ஒரே பேரேட்டைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் தன் பற்றுப் பக்கத்தைப் பார்த்து அழுகிறான், மற்றவன் வரவுப் பக்கத்தைப் பார்த்து மகிழ்கிறான். கிருபை அந்தப் பேரேட்டையே மூடிவிடுகிறது. ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலைச் சொன்ன கையோடு பவுல் கேட்கும் கேள்வி, மேன்மைபாராட்டல் எங்கே என்பது. அது நீக்கப்பட்டது என்கிறார். மன்னிப்பின் ஆறுதலும் மேன்மையின் முடிவும் ஒரே வாக்கியத்தின் இரு விளைவுகள். இயேசு சொன்ன கடன்காரன் உவமையும் இதைத்தான் சொல்கிறது. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் எஜமான் தள்ளுபடி செய்த கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு ஏறத்தாழ 6,000 தெனாரியம் என்று கொண்டால் ஆறு கோடி நாள் கூலி. ஒருவன் உழைத்து அடைக்க இரண்டு லட்சம் ஆண்டுகள் வேண்டும். அந்தக் கடன்காரன் வெளியே வந்து தன் உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தது நூறு தெனாரியத்துக்காக, அதாவது நூறு நாள் கூலிக்காக. நூறு நாள் கூலி சின்னத் தொகை இல்லை. ஏழைக்கு அது பெரிய கடன். உவமை அந்தக் கடனை இல்லை என்று சொல்லவில்லை. மன்னிக்கப்பட்டவன் கணக்குப் பார்க்கும் உலகத்துக்குத் திரும்பிப் போனதைத்தான் தீர்ப்பிடுகிறது.

யாக்கோபின் நிருபத்தை இந்த இடத்தில் கொண்டுவர வேண்டும். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் அந்நிருபத்தை 1522-இல் லூத்தர் வைக்கோல் நிருபம் என்றார். பவுலுக்கும் யாக்கோபுக்கும் முரண் என்று அன்றுமுதல் இன்றுவரை விவாதிக்கிறார்கள். ஆனால் யாக்கோபின் அந்த இரண்டாம் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் அணிந்த ஒருவனும் கந்தையுடுத்த ஒரு தரித்திரனும் ஆலயத்துக்குள் வருகிறார்கள். முதலாமவனுக்கு நல்ல இருக்கை; மற்றவனுக்கு அங்கே நில், அல்லது என் பாதபடியண்டையில் உட்கார் என்ற உத்தரவு. கிரியை பற்றிய விவாதம் முழுவதும் இந்த இருக்கையிலிருந்து கிளம்புகிறது. கிரியையால் இல்லை என்ற பவுலும் கிரியை வேண்டும் என்ற யாக்கோபும் ஒரே காட்சியின் முன் நின்று பேசுகிறார்கள். இருவருக்கும் பொறுக்க முடியாதது, கிருபையைப் பெற்ற சபையில் ஒருவனுடைய இடத்தை அவனுடைய உலகத் தகுதி தீர்மானிப்பது.

தமிழ்ச் சபையின் வரலாறு இந்த வேதபகுதிகளை வேறு எந்த விளக்கவுரையையும்விடக் கடுமையாகச் சோதித்திருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் புளுட்சோவும் ஜெர்மனியின் பக்தி இயக்கத்தில் உருவானவர்கள். இருதயத்தின் மறுபிறப்பும் விசுவாசத்தின் புத்துயிரும் அந்த இயக்கத்தின் உயிர்மூச்சு. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற போதனையை அவர்கள் ஐயத்துக்கிடமின்றிக் கற்பித்தார்கள். 1718-இல் கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் அந்தப் போதனையைக் கேட்டவர்கள் சாதிப்படி தனித்தனி இடங்களில் உட்கார்ந்து கேட்டார்கள். இது யாருடைய கண்ணுக்கும் தெரியாமல் நடந்த ஒன்று இல்லை. தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளத்தக்க உலக வழக்கம் என்று கருதப்பட்டது. பொறுத்துக்கொண்டதன் விலை ராஜநாயக்கன் விஷயத்தில் தெரிந்தது. பறையர் குலத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் சேவை செய்து, தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்து 1720-களில் லூத்தரன் சபைக்கு வந்தவர் அவர். பல ஆண்டுகள் உபதேசியாராக ஓயாமல் உழைத்தார். 1733-இல் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றவர் வேளாளரான ஆரோன். அவரும் தகுதியானவரே, நல்ல போதகர். ராஜநாயக்கனுக்கோ அந்த அபிஷேகம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய பக்தியில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் கையால் திருவிருந்து கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அந்தத் திருவிருந்தையே மதிக்க மாட்டார்கள் என்ற அச்சமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இது பேதுருவின் அச்சத்தின் அதே வடிவம். தகுதியற்றவனுக்கு வரும் கொடை என்று அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற சபை, அதைக் கொடுக்கும் கைக்குச் சாதித் தகுதி கேட்டது.

நூறு ஆண்டுகள் கழித்துக் கேள்வி வெடித்தது. கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் தென்னிந்தியச் சபைகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, சாதி வேற்றுமை உடனடியாக, முற்றாக, இறுதியாகக் கைவிடப்பட வேண்டும் என்றது. வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிச் சபைகளில் பெரும் பிளவு ஏற்பட்டது. எதிர்த்தவர்களில் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் பெரும் புலவர் வேதநாயக சாஸ்திரியாரின் குரல் முக்கியமானது. 1820-களின் இறுதியிலேயே புதிய மிஷனரிகளின் போக்கைக் கண்டித்து அவர் எழுதத் தொடங்கிவிட்டார். சாதி என்பது இரட்சிப்போடு தொடர்பில்லாத உலக ஒழுங்கு. தங்கள் முன்னோர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பழைய மிஷனரிகள் அதை அனுமதித்தார்கள். ஒரே ஆலயத்தில் வந்து ஒரே வார்த்தையைக் கேட்கும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன என்பது அந்தத் தரப்பின் வாதம். இதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. இது பேதுருவின் தரப்புக்காகச் சொல்லத்தக்க வாதமும்கூட. சொல்லப்போனால் பேதுருவின் கை இன்னும் வலுவானது. அவர் கடைப்பிடித்தது தேவனே கொடுத்த நியாயப்பிரமாணத்தின் உணவு ஒழுங்கு. சாதிக்கு அப்படி எந்த வேத ஆதாரமும் இல்லை. தேவன் கொடுத்த பிரமாணமே விசுவாசிகளின் பந்தியைப் பிரிக்கக் கூடாது என்று பவுல் தீர்த்திருக்க, ஊர் கொடுத்த ஒழுங்கு எந்த உரிமையில் பிரிக்கும்? உலக ஒழுங்கு உலகத்தோடு நின்றிருந்தால் சாஸ்திரியாரின் வாதத்துக்குக் கொஞ்சம் இடமிருந்திருக்கும். அது மேசைவரை வந்துவிட்டது.

எவ்வளவு தூரம் வந்தது என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தின் கத்தோலிக்க ஆலயம் சாட்சி. 1872-இல் எழுந்த அந்த ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள். கால்சட்டையின் இரு கால்களைப்போல் பிரிந்து நீளும் அவை பீடத்தருகே ஒன்றுசேர்கின்றன. ஒரு கூடத்தில் வேளாளர் முதலிய சாதியினர், மறு கூடத்தில் நாடார்கள், இடையில் சுவர். இரு பக்கத்தாருக்கும் பீடம் தெரியும். ஒருவருக்கு மற்றவர் முகம் தெரியாது. தேவனை நோக்கும் பார்வையில் தடையில்லை, சகோதரனை நோக்கும் பார்வையில் மட்டும் தடை. கிருபை தேவனுக்கும் என் ஆத்துமாவுக்கும் இடையிலான விஷயம் மட்டுமே என்ற நம்பிக்கைக்குக் கட்டடக் கலையில் வடிவம் கொடுக்கச் சொன்னால் இதைவிடச் சரியாக யாராலும் கட்ட முடியாது. 1910-இல் இயேசு சபைக் குரு கௌசானல் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதித் தரப்பு நீதிமன்றம் போனது. வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று, தனி இடத்துக்கான அவர்களுடைய உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நற்கருணையை முன்வைத்துச் சபை தானே தீர்த்திருக்க வேண்டிய கேள்வியை அரசாங்க நீதிபதிகள் தீர்த்தார்கள் என்பது இன்றும் உறுத்துகிறது.

இன்னொரு மறுப்பு இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சமபந்தியைக் கட்டாயமாக்கினால் அதுவும் ஒரு கிரியையாகிவிடாதா? பின்வாசல் வழியாக நியாயப்பிரமாணத்தைக் கொண்டுவருகிறீர்கள் அல்லவா? இது கனமான கேள்வி. வரலாற்றில் இது உண்மையாகவே நடந்தும் இருக்கிறது. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவைச் சாப்பிட மறுப்பவரைச் சபையில் சேர்க்கலாகாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. லைப்சிக் லூத்தரன் மிஷனரிகள் இந்த வழியை ஏற்கவில்லை. சாதியை எதிர்த்ததில் மாநாட்டின் பக்கமே நியாயம் இருந்தது. அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் சாப்பாடு பரீட்சையானபோது ஒன்று பிசகியது. பரீட்சை வைப்பவர் பந்தியில் இல்லை. மேற்பார்வை இடத்தில் இருக்கிறார். வெள்ளையருக்கும் தமிழருக்கும் நடுவிலிருந்த இடைவெளிக்கு அதுபோன்ற பரீட்சையை யாரும் வைக்கவில்லை. வடக்கன்குளத்துச் சுவர் இடிந்த அதே 1910-இல், எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைத்தான் பேசினார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர் அவர். பரலோகத்தில் சிங்காசனங்களை எங்களுக்கு வாக்களிக்கிறீர்கள், உங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு நாற்காலி போடுவதில்லை என்ற கருத்தில் அவர் பேசியபோது அரங்கத்தில் பலர் புண்பட்டார்கள். கேட்டவர்களில் பலர் சுவிசேஷத்துக்காக வீட்டையும் நாட்டையும் விட்டவர்கள். அவர்களுடைய தியாகம் பொய்யில்லை. ஆனால் கொடுப்பவராகவே இருந்து பழகியவருக்குத் தானும் பெற்றுக்கொண்டவர்தான் என்பது மறந்துபோகும். அசரியா கேட்ட நாற்காலி அந்த மறதிக்கான மருந்து.

எனவே மறுப்புக்கான விடை இது. பந்தி இரட்சிப்பின் நிபந்தனை இல்லை. பேதுரு இரட்சிப்பை இழந்துவிட்டார் என்று பவுல் எங்கும் எழுதவில்லை. சத்தியத்துக்கு ஏற்ப நேராக நடக்கவில்லை என்றுதான் எழுதினார். நிபந்தனை கொடைக்கு முன்னால் நிற்கும். நடை கொடைக்குப் பின்னால் வரும். சாதியைத் துறந்தால் கிருபை கிடைக்கும் என்பது பவுலுக்கு விரோதமான போதனை. எல்லாருக்கும் தகுதி பாராமல் கிடைத்துவிட்டது, ஆகவே தகுதி பார்த்து உட்காரும் காரணம் தீர்ந்துபோயிற்று என்பதே பவுல் சொன்னது. முதலாவது வழியில் மனிதன் பயந்து உட்காருவான், பார்ப்பவர் போனதும் எழுந்துவிடுவான். பேதுருவை எழுப்பியதும் பார்ப்பவர்கள்மேல் இருந்த பயமே.

தமிழ்நாட்டு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, மக்கள் பறட்டை அண்ணன் என்று அழைத்த நாட்டுப்புற இசைக் கலைஞர், 2005-இல் மறையும்வரை திருவிருந்தை ஓர் உலைச் சோறாகப் பார்க்கக் கற்பித்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்துண்பதை அவர் பாட்டாகவும் வழிபாடாகவும் ஆக்கினார். ஒதுக்கப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்து வந்த இந்தக் கற்பனை, அந்தியோகியாவின் பந்திக்கு நம் இறையியல் நூல்கள் பலவற்றைவிட நெருக்கமாக இருக்கிறது. விருந்தளிப்பவராக இல்லாமல் உலையருகே தட்டேந்தி நிற்பவராக எல்லாரையும் அது வைக்கிறது.

போதனையில் ஒத்துப்போவது மட்டும் போதாது என்பதற்கு உலக அளவிலும் சான்று உண்டு. நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் இணைந்தார்கள். லூத்தர் காலத்தில் இரத்தம் சிந்தவைத்த வேறுபாட்டின் மையத்தில் இன்று அடிப்படை உடன்பாடு இருக்கிறது என்பது இரண்டாயிரமாண்டுத் திருச்சபை வரலாற்றில் பெரிய காரியம். அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கையெழுத்திட்ட சபைகள் எல்லாம் இன்னும் ஒரே மேசையிலிருந்து அப்பம் பகிர்வதில்லை. குருத்துவம், நற்கருணையின் தன்மை பற்றி நேர்மையான கருத்து வேற்றுமைகள் இருக்கின்றன. அவற்றை அலட்சியமாகத் தள்ளச் சொல்லவில்லை. என்றாலும், ஒரு பந்தியைக் காக்க எழுதப்பட்ட போதனையில் உடன்பட்டுவிட்டுப் பந்தியைத் தள்ளிப்போடுவது எவ்வளவு காலத்துக்குச் சரியாகும் என்று பவுலை வாசிக்கிறவர் கேட்காமல் இருக்க முடியாது.

கடைசியாக, மனம் மாறாமல் இருக்கை மாறி என்ன பயன், முதலில் உள்ளத்தின் புத்துயிர், மற்றவை தானாகப் பின்னால் வரும் என்பார்கள். மிகுந்த பக்தியுள்ளவர்கள் சொல்லும் மறுப்பு இது. இதற்குப் பேதுருவின் வாழ்க்கையே பதில். நடபடிகள் பத்தாம் அதிகாரத்தின்படி, யோப்பா பட்டணத்து மேல்வீட்டில் பேதுருவுக்குத் தரிசனம் கிடைத்தது. தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டாக எண்ணாதே என்று கேட்டார். செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டில் பரிசுத்த ஆவியானவர் இறங்கியதைக் கண்ணால் கண்டார். அவர்களோடு சாப்பிட்டதற்காக எருசலேமில் கேள்வி எழுந்தபோது தைரியமாகப் பதிலும் சொன்னார். தரிசனம், ஆவியின் வல்லமை, சாட்சி எல்லாம் இருந்தன. நடபடிகளின் வரிசையைப் பெரும்பாலோர் கொள்வதுபோல் கொண்டால், அதற்குப் பிறகுதான் அந்தியோகியாவில் அவர் எழுந்து போனார். உள்ளத்தில் நடந்தது பொய்யில்லை. அது தானாக நடைக்கு வந்துவிடவில்லை, அவ்வளவே. அதை நினைவூட்டச் சபைக்குள் ஒருவர் எழுந்து நேருக்கு நேர் பேச வேண்டியிருந்தது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. தனிக் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. சபைத் தேர்தல்களில் சாதிக் கணக்கு இருக்கிறது. திருமணப் பேச்சில் ஞானஸ்நானத்துக்கு முன்பே உட்பிரிவு கேட்கப்படுகிறது. இந்த லெந்துவில் கிருபையைத் தியானிக்க ஒரு சபை கூடுமானால், கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்துவைத்து, எங்கள் திருவிருந்தை இதுவரை எந்தெந்தக் கைகள் கொடுத்திருக்கின்றன, எந்தக் கைகள் ஒருபோதும் கொடுத்ததில்லை, எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரை யார் எப்போது கட்டினார்கள், யார் எழுந்து போவார்கள் என்று பயந்து அதை இன்னும் விட்டுவைத்திருக்கிறோம் என்று வெளிப்படையாகக் கேட்கலாம்.